புல்லு வெட்ற வண்டிக்கு சாவி சுவிட்ச் மாத்தணும், அஞ்சு பின்னா ஏழு பின்னா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தோப்புக்குள்ள இருக்கற தங்கற எடத்துக்கு மேற்பார்வை பாக்கறேன். ரெண்டு ஏக்கரா புல்லு இருக்குது, அத வெட்ட மேல உக்காந்து ஓட்டற மோவர் ஒண்ணு, ஓனர் செகண்ட்ஸ்ல எடுத்தது, 42 இஞ்ச் டெக் (பிளேடு சுத்தற தட்டு), ஒத்த சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. போன மாசத்துல இருந்து சாவிய திருப்புனா ஒரு தடவ டிக்குன்னு சத்தம் மட்டும் வரும், ஒரு தடவ அதுவும் வராது, சாவிய கொஞ்சம் மேல கீழ ஆட்டி புடிச்சா ஸ்டார்ட் ஆயிரும், அப்படியே ஓட்டிட்டு இருந்தேன். போன வாரம் பிளாஸ்டிக் கருகற வாசம் வந்துச்சு, டேஷ்போர்ட தொறந்து பாத்தா சுவிட்ச் பின்னாடி சொருகற கனெக்டர்ல ஒரு மூலை பழுப்பா உருகி போயிருக்குது.

இங்க டவுன்ல மெக்கானிக்கிட்ட காட்டுனா அவரு மலையாளத்துல 'சாரமில்ல, ஓட்டோவின்ட சுவிட்ச் இடாம்'னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, 180 ரூவாதான். எறணாகுளத்துல ஒரு கடைல கேட்டா கம்பெனி சாமான் 4800, வர மூணு வாரம் ஆகும்ங்கறாங்க. ஆன்லைன்ல பாத்தா அதே மாதிரி அஞ்சு பின் ஒண்ணு 1150, ஏழு பின் ஒண்ணு 2300. என்னோடதுல அஞ்சு பின். ஏழு பின் வாங்குனா ரெண்டு சும்மா விட்டுக்கலாமா, இல்ல ஆட்டோ சுவிட்ச்சே போதுமா? எடவப்பாதி மழை புடிச்சா அஞ்சு நாளைக்கு ஒருக்கா வெட்டியே ஆகணும், இல்லைன்னா முழங்கால் வரைக்கும் ஏறிரும், அதனால கொஞ்சம் அவசரமுங்க.

பொள்ளாச்சி பம்புசெட்:

ஏனுங்க இதுக்கெல்லாம் போயி எதுக்கு மண்டைய ஒடச்சுக்கறீங்க. அஞ்சு பின்னுக்கு அஞ்சு பின்னு, பழைய கனெக்டர் நேரா சொருகிக்கும், ஓட்டையும் எல்லாத்துக்கும் ஒரே அளவுதான், 1150 ரூவாயத போட்டுட்டு வேலைய பாருங்க. நம்ம பண்ணைல அப்படித்தான் போட்டோம், மூணு வருசமா ஓடுதுங்க. ஆனா ஒண்ணு, வாங்கறதுக்கு முன்னாடி பாட்டரியவும் சோலனாய்டயும் (ஸ்டார்ட்டருக்கு பெரிய கரண்ட விடற காந்த சுவிட்ச்) பாத்துக்கோங்க. டிக்குன்னு சத்தம் வருதுன்னா சுவிட்ச்ல இருந்து கரண்ட் போகுதுன்னுதான அர்த்தம். சோலனாய்டோட ரெண்டு பெரிய போல்ட்டயும் ஸ்குரூ டிரைவர் வச்சு ஷார்ட் பண்ணி பாருங்க, ஸ்டார்ட்டர் சுத்துச்சுன்னா ஸ்டார்ட்டர் நல்லாருக்குது, கோளாறு இந்தப் பக்கம்.

குமரி மெக்கானிக்:

தம்பி, கொஞ்சம் பொறு, இப்பம் ஒண்ணும் வாங்காத. நான் மார்த்தாண்டம் பக்கம், கல்ஃப்ல ஒரு கோல்ஃப் கிரவுண்ட்ல 11 வருசம் இந்த மெஷினுதான் பாத்தேன். பொள்ளாச்சி அண்ணாச்சி சொன்னதுல பாதி சரி, பாதி ஆளக் கவுத்துரும் கேட்டியா.

பின்னு எத்தனைங்கது கணக்கே இல்ல. ஒவ்வொரு பின்னு பக்கத்துலயும் சின்னதா ஒரு எழுத்து குத்தியிருக்கும், டார்ச் அடிச்சு பாரு. பி-ன்னா பாட்டரி. எஸ்-ன்னா ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்கு போறது. எம்-ன்னா மேக்னெட்டோ. ஜி-ன்னா எர்த்து. அஞ்சாவது எல்-ன்னோ ஏ-ன்னோ இருக்கும், அது லைட்டுக்கும் கார்பரேட்டர் அடியில பெட்ரோல தொறந்து அடைக்க ஃபியூயல் சோலனாய்டுக்கும். இதுல எம்முதான் எல்லா கொழப்பத்துக்கும் காரணம். உன் என்ஜின் மாதிரி சின்ன பெட்ரோல் என்ஜின்ல ஸ்பார்க்குக்கு பாட்டரி வேண்டாம், ஃபிளைவீல்ல காந்தம் இருக்கு, அது சுத்துனா மேக்னெட்டோ காயில் தானா ஸ்பார்க் குடுக்கும். அப்பம் என்ஜின நிறுத்தணும்னா கரண்ட கட் பண்ணி பிரயோஜனம் இல்ல, காயில்ல இருந்து வார வயர எர்த்துல கொண்டு முட்டணும். சாவிய ஆஃப்ல வைக்கம்போ சுவிட்ச் செய்யது அதுதான், எம்மையும் ஜியையும் ஒண்ணா சேக்குது.

ஆட்டோ சுவிட்ச், கார் சுவிட்ச் பெரும்பாலும் இதுக்கு நேர் தலகீழ். ஆஃப்ல அது எல்லாத்தையும் பிரிச்சு விடும், ஆன்ல 12 வோல்ட் குடுக்கும். உன் மெக்கானிக் அத போட்டா ரெண்டுல ஒண்ணு நடக்கும். எம் வயர சும்மா விட்டாருன்னா சாவிய உருவி பாக்கெட்ல போட்டாலும் வண்டி ஓடிக்கிட்டே நிக்கும், சோக்க இழுத்து மூச்சடைச்சுதான் நிறுத்தணும். எம் வயர இக்னிஷன்னு நெனச்சு சுவிட்ச்ல கொடுத்தாருன்னா 12 வோல்ட் நேரா காயிலுக்கு போவும், ஒருக்கா போதும், காயில் செத்துரும், அதுக்கு அடியந்திரம்தான்.

இன்னொண்ணு, அந்த எழுத்துக எல்லா கம்பெனிலயும் ஒரே எடத்துல இருக்காது. வடிவம் ஒண்ணு, ஓட்டை ஒண்ணு, அஞ்சு எட்டுல ஒரு இஞ்ச் திரெட்டு, கிட்டத்தட்ட 16 மில்லி, பின்னும் எல்லாம் 6.3 மில்லி தகடு, கனெக்டர் பாந்தமா போயி உக்காரும். உள்ளார மட்டும் எடம் மாறி கெடக்கும். பொள்ளாச்சிக்காரருக்கு அதிர்ஷ்டம், எடம் ஒத்துப்போச்சு.

அப்பம் முதல்ல நீ செய்ய வேண்டியது இதுதான். பாட்டரி நெகட்டிவ கழட்டு, பிளக் கேப்ப உருவி விடு. பழைய சுவிட்ச்ச பின்னாடி இருந்து பாக்க மாதிரி ஒரு ஃபோட்டோ எடு, எந்த எழுத்துல எந்த கலர் வயர்னு தாள்ல எழுது. மல்டிமீட்டர பீப்ல வச்சு சுவிட்ச்ச மட்டும் தனியா பாரு, ரெண்டு பின்னும் உள்ளார சேந்திருந்தா பீப் அடிக்கும். ஆஃப்ல எம்முக்கும் ஜிக்கும் பீப் வரணும், ஆன்ல அது போயிரணும், பிக்கும் எல்லுக்கும் வரணும், ஸ்டார்ட்ல பிக்கும் எஸ்ஸுக்கும் வரணும். பிக்கும் எம்முக்கும் சாவி எங்க இருந்தாலும் பீப் வரவே கூடாது. புதுசு கைக்கு வந்தாலும் இதே சோதனைய பண்ணிட்டுதான் வண்டில சொருகணும், கவர்ல என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஸ்குரூ டிரைவர் வச்சு முட்டுறதும் கவனம். பாதுகாப்புக்கு வச்சிருக்க பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாத்தையும் தாண்டி நேரா ஸ்டார்ட்டர் சுத்தும். கியர்ல கெடந்தா வண்டி ஒன் மேலயே ஏறும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி ஆஃப், நிக்கது பக்கவாட்டுல, சக்கரத்துக்கு நேரா நிக்காத.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அண்ணா ரொம்ப நன்றி, கைல காபிய வச்சுட்டு படிச்சேன், ஆறியே போச்சு. மத்தியானம் உக்காந்து எல்லாம் பாத்தேன்.

எழுத்து இருக்குதுங்ணா, பழைய பல் பிரஷ் வச்சு தேச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஜி, எம், எஸ், பி, எல். மேலாப்புல ஜி, இடது பக்கம் எம், வலது பக்கம் எஸ், கீழ பி, நடுவுல எல். உருகுனது பி பக்கம். அந்த பின்னே நீலமா கருத்து போயிருக்குது, கனெக்டருக்குள்ள இருக்கற பெண் தகடு வாய் பொளந்து லூசா கெடக்குது, சொருகுனா புடியே இல்ல. எம்முக்கும் ஜிக்கும் ஆஃப்ல பீப் வருது. ஸ்டார்ட்ல பி எஸ் மட்டும் சாவிய அழுத்தி புடிச்சாத்தான் வருது, விட்டா விட்டு விட்டு வருது. பாட்டரி 12.6 காட்டுது, 20 ஆம்பியர் ஃபியூஸ் நல்லாருக்குது. திரும்ப மாட்டி ஸ்டார்ட் அடிக்கறப்ப பிக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல மீட்டர வச்சா ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டுது, இது சரியா தப்பா தெரியல.

அப்பறம் அந்த 1150 ரூவா சுவிட்ச் ஃபோட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். மேல ஜி, கீழ பி, நடுவுல எல், எல்லாம் என்னோடது மாதிரியேதான். ஆனா எம்மும் எஸ்ஸும் மட்டும் எடம் மாறி இருக்குது. அப்ப என்ன ஆயிருக்கும்ணா?

குமரி மெக்கானிக்:

கனெக்டர் நல்லா சொருகியிருக்கும், நீ சாவிய ஸ்டார்ட்டுக்கு திருப்பியிருப்ப, சுவிட்ச்சு பியையும் எஸ்ஸையும் சேத்துருக்கும், அந்த எஸ் எடத்துல உன் எம் வயர் கெடக்கு, பாட்டரி நேரா காயிலுக்கு. நான் சொன்ன அடியந்திரம் அதுதான்.

ரெண்டு வோல்ட்டு ரொம்ப கூடுதல். நல்ல சுவிட்ச்ல அது அரை வோல்ட்டுக்கு கீழ நிக்கணும். சோலனாய்டுக்கு வேண்டியது சில ஆம்பியர்தான், ஸ்டார்ட்டருக்கு போற பெரிய கரண்டு இந்த சுவிட்ச்சு வழியா வாரதே இல்ல, அப்பம் சுவிட்ச்சு சூடாவுதுன்னா லோடு கூடி இல்ல, பிடி லூசாயிதான். லூசு, சூடு, சூட்டுல தகடு இன்னும் இளகும், இன்னும் லூசு. அதனால சுவிட்ச்ச மட்டும் மாத்தி பழைய கனெக்டர போட்டீன்னா மூணு மாசத்துல திரும்ப இங்க வந்து நிப்ப. பி தகட கண்டிப்பா மாத்து, முடிஞ்சா அஞ்சையும் மாத்து.

குமுளி காப்பி:

நானும் இந்தக் கூத்துல அடிபட்டவன்ணே. கம்பத்துல இருந்து மேல ஏறி குமுளி தாண்டி ஒரு எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸ், அங்க இதே மாதிரி வண்டி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆள கூட்டியாந்து ஏதோ ஒரு சுவிட்ச்ச மாட்டுனோம், ஸ்டார்ட்டர் கரகரன்னு சுத்துது, வண்டி மட்டும் புடிக்கவே இல்ல. கார்பரேட்டர கழட்டுனோம், பெட்ரோல மாத்துனோம், பிளக்க மாத்துனோம், நாலு நாளு போச்சு. கடைசில பிளக்க வெளிய வச்சு பாத்தா ஸ்பார்க்கே இல்ல, காயில் காலி. புது காயில் வர்றதுக்குள்ள ஆளு வச்சு அருவாள்லதேன் புல்ல அறுத்தோம், அம்புட்டு பனில அவுங்க பட்ட பாடு இருக்கே.

அதுக்கப்புறம் பயந்துக்கிட்டு இப்ப வரைக்கும் கார் சுவிட்ச்சும் ஒரு ரிலேயும் வச்சுத்தான் ஓடுது. சாதாரண அஞ்சு கால் 12 வோல்ட் கார் ரிலே, ஹாரனுக்கு ஹெட்லைட்டுக்கு போடுறது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு நம்பர் இருக்கும், 30ல எர்த்து, 87ஏ-ல காயில்ல இருந்து வர்ற எம் வயரு, 85ல எர்த்து, 86ல சாவியோட இக்னிஷன் வயரு. சாவி ஆன் பண்ணுனா ரிலே இழுத்துக்கும், 87ஏ விட்டுரும், காயில் சுதந்திரம். சாவிய ஆஃப் பண்ணுனா ரிலே விழுந்துரும், காயில் எர்த்துல முட்டி என்ஜின் நின்னுரும். ஃபியூஸ் போனாலும் வண்டி நிக்கத்தான் செய்யும், நிக்காம ஓடாது, அது ஒரு நிம்மதி. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, 86க்கு ஏசிசி வயர (ரேடியோ மாதிரி சாமானுக்கு போறது) குடுத்துராதீங்க, ஸ்டார்ட் பொசிஷன்ல ஏசிசி கட் ஆயிரும், அப்ப ரிலே விழுந்து வண்டி புடிக்காது. நா ஒரு நாள் முழுக்க அதுலயே செத்தேன்.

வேலந்தாவளம் டூவீலர்:

கார் சுவிட்ச் எதுக்குங்க, ரிலே எதுக்குங்க. பழைய ஏசி சிடிஐ பைக் (பாட்டரி இல்லாமயே ஸ்பார்க் குடுக்கறது) சாவி செட்ட எடுத்து பாருங்க, கருப்பு வெள்ள கோடு வயரும் பச்சையும் ஆஃப்ல ஒண்ணா சேரும், சிவப்பும் கருப்பும் ஆன்ல சேரும். இந்த மோவருக்கு வேணும்ங்கற மாதிரியே எம்மும் ஜியும் அதுலயே இருக்குது. ஸ்டார்ட்டுக்கு மட்டும் தனியா ஒரு புஷ் பட்டன் வச்சுக்கணும். நான் ரெண்டு பவர் டில்லர், ஒரு ஜெனரேட்டருக்கு இப்படி போட்டு குடுத்திருக்கறேன். ஆனா டிசி சிடிஐ (பாட்டரி கரண்ட்ல ஸ்பார்க் குடுக்கறது) வண்டியோடத எடுத்துராதீங்க, அதுல ஆஃப்ல எர்த்து ஆகாது. மீட்டர் வச்சு பாத்துட்டு எடுங்க.

பொள்ளாச்சி பம்புசெட்:

தப்புத்தானுங்க, ஒத்துக்கறேன். நேத்து நைட்டு இதெல்லாம் படிச்சுட்டு நம்ம பண்ணை வண்டிய தொறந்து பாத்தனுங்க, எழுத்து ஒண்ணுக்கொண்ணு அப்படியே நிக்குது, சும்மா அடிச்ச லக்குதான். இந்த மூணு வருசம் நான் அறிவாளின்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஏழு பின்ன பத்தி யாரும் சொல்லலியே?

குமரி மெக்கானிக்:

ஏழு பின்னுல கூடுதல் ரெண்டு லைட்டுக்குன்னு தனியா இருக்கும், சாவில ஆஃப், லைட்டோட ஓட்டம், சும்மா ஓட்டம், ஸ்டார்ட்னு நாலு நெல. ரெண்ட சும்மா விட்டா வேல செய்யாதான்னு கேட்டா சிலதுல செய்யும், ஆனா எந்த நெலைல எந்த பின்னு உயிரோட இருக்குன்னு பாக்கணும். முக்கியமா ஃபியூயல் சோலனாய்டு. அதுக்கு போற பின்னுல ஆன்லயும் 12 வோல்ட் வேணும், ஸ்டார்ட்லயும் வேணும். ஸ்டார்ட்ல மட்டும் விட்டுப் போச்சுன்னா கார்பரேட்டர்ல பெட்ரோல் அடைபட்டுக்கும், சுத்தும், புடிக்காது. சாவிய ஆன்ல வைக்கம்போ கார்பரேட்டர் அடியில டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கணும். அந்த தலவேதன உனக்கு எதுக்கு, அஞ்சே போதும்.

சிலதுல ஜி பின்னே இருக்காது, பாடி வழியாதான் எர்த்து. உன் டேஷ்போர்டு பிளாஸ்டிக்குன்னா அத போட்டா ஆஃப்ல எர்த்தே கெடைக்காது, நிக்காது. ஜி பின்னு இருக்கத பாத்து எடு.

சீட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல மாடல் நம்பர், சீரியல் நம்பர் இருக்கும். அத வச்சு பார்ட்ஸ் படம் தேடு, சுவிட்ச்சுக்கு ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்கு மாத்தா வாரதுன்னு போட்டுத்தான் வெளிக்கம்பெனிக்காரன் விக்கான், அப்படி விக்கது கம்பெனி வெலைல பாதிக்கும் கீழதான் இருக்கும், தரமும் மோசமில்ல. படத்த பாத்து வாங்காத, நம்பர பாத்து வாங்கு, வந்த பெறகு எழுத்த பாரு, அதுக்கப்புறம் மீட்டர் வச்சு பாரு.

ஆமா ஒண்ணு கேக்க மறந்துட்டேன், உன் சாவில என்னெல்லாம் தொங்குது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

சிரிக்கக் கூடாதுங்ணா. கேட் சாவி, மோட்டார் ரூம் சாவி, ஸ்டோர் ரூம் பூட்டு சாவி ரெண்டு, ஒரு பாட்டில் ஓப்பனர். எல்லாம் ஒரே வளையத்துல. ஓட்டறப்ப அது கெடந்து ஆடற சத்தத்த கேட்டுட்டே பாட்டு பாடிட்டு ஓட்டுவேன். கழுவறதும் பிரஷர் வாஷர் வச்சு டேஷ்போர்டுக்கு நேராத்தான் அடிச்சிருக்கறேன்.

குமரி மெக்கானிக்:

அப்பம் வேற ஆள தேடண்டாம். அந்த சாவிக் கொத்து பாரமும் அடிச்ச தண்ணியும் போதும், நீதான் அந்த சுவிட்ச்ச கொன்னது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், முடிஞ்சுதுங்க, எல்லாருக்கும் நன்றி.

சீட்டுக்கு அடியில ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருந்துச்சு, கடைசி ரெண்டு எழுத்து இல்ல, பென்சில தேச்சு பாத்தும் வரல, அப்பறம் டெக் அளவையும் என்ஜின் சைசையும் வச்சு படத்துல தேடி ரெண்டு நம்பர் கெடச்சுது, நல்ல வேளையா ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்தான். வெளிக்கம்பெனி சாமான் 1420 ரூவா. கூரியர் நம்ம பின்கோடுக்கு ஒரு வாரம் காட்டுச்சு, அதனால பார்டர் தாண்டி கோபாலபுரத்துல மாமன் மளிகைக் கடை அட்ரஸ் குடுத்து நாலே நாள்ல வாங்கிட்டேன்.

வந்ததும் சொருகல, சத்தியமா. மீட்டர வச்சேன். ஆஃப்ல எம் ஜி பீப், ஆன்ல பி எல், ஸ்டார்ட்ல பி எஸ் எல் மூணும். பிக்கும் எம்முக்கும் மூணு நெலைலயும் சத்தமே இல்ல, ரெண்டு தடவ திருப்பி திருப்பி பாத்தேன், ஓனரம்மா வந்து என்னடா ஜோசியம் பாக்கறியான்னு கேட்டாங்க. எழுத்து எல்லாம் பழைய எடத்துலயே இருக்குது. கனெக்டர வெட்டி எறிஞ்சுட்டு புதுசு போட்டேன், அஞ்சு தகடும் புதுசு, வேலந்தாவளம் அண்ணன் கடைலதான் கிரிம்ப் பண்ணி குடுத்தாரு, காசு வாங்கல, ஒரு குலை செவ்வாழை குடுத்துட்டு வந்தேன்.

நியூட்ரல்ல போட்டு பெடல மிதிச்சு சாவிய திருப்புனேன், ஒரே சுத்துல புடிச்சுது. ஆஃப் பண்ணுனேன், நின்னுச்சு. இத பத்து தடவ பண்ணிருப்பேன். ஸ்டார்ட் அடிக்கறப்ப பிக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல இப்ப 0.1தான் காட்டுது. சாவிக்கு தனி வளையம், அதுல வேற ஒண்ணும் இல்ல.

குமரி மெக்கானிக்:

நல்லது. ஒரு மணிக்கூர் வெட்டி முடிச்சிட்டு கனெக்டர கையால ஒருக்கா தொட்டுப் பாத்து சொல்லு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இப்பதான் எறங்குனேன் ணா. தொட்டு பாத்தேன், பச்சத்தண்ணி மாதிரி இருக்குது.